சேம்பிலைக்குத் தெரிந்த வித்தை



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துவிட முடியாமல் மேசை மேலேயே வைத்திருந்தேன். எழுதியவர் ஒரு தாய். தம் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதின் சாரம் இதுதான்:

"பத்தொன்பது வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவள் நான். வெறும் தண்ணீரைச் சில இலைகளின் மேல் அடித்தால் முத்து முத்தாய் உருண்டு ஓடிவிடும். அதனால் தோம்பில் ஒட்டு மருந்து கலக்கச் சொல்வார்கள். கலந்தால் இலையில் ஒட்டும். ஆனால் என் சட்டைக் கை மட்டும் எப்போதும் நனைந்தே இருக்கும். இலைக்குத் தெரிந்த வித்தை என் சட்டைக்கு ஏன் தெரியவில்லை? இப்போது என் மருமகள் செம்பனைத் தவரணையில் அதே வேலைக்குப் போகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?"

எவ்வளவு நல்ல கேள்வி, பார்த்தீர்களா! உலகத்துப் பெரிய ஆய்வுக்கூடங்களில் அறிஞர்கள் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ளும் கேள்வியும் ஏறக்குறைய இதுவேதான். ஒரு துளி ஒரு பரப்பின் மேல் ஏன் நிற்கிறது, ஏன் ஓடுகிறது, நாம் விரும்பும் பக்கம் அதை ஓட வைப்பது எப்படி? இந்த மாதப் பக்கத்தை முழுக்க அந்த அம்மாவுக்கே ஒதுக்குகிறேன்.

முதலில் இலையைப் பார்ப்போம். 'தாமரை இலைத் தண்ணீர் போல' என்று நாம் சொல்லுவோம். ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவர்களைப் பற்றிய பேச்சு அது. மலாய்க்காரர்களோ சேம்பிலையைச் சொல்லுவார்கள். எத்தனை புத்தி சொன்னாலும் ஏறாதவனுக்குச் சொல்வது, கெலாடி இலையில் தண்ணீர் ஊற்றியது போலவாம். கெலாடி என்பது நம் சேம்புதான். லயத்துக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில், ஆற்றங்கரையில் தானாகவே மண்டிக் கிடக்குமே, அதே செடி. இரண்டு மொழிக்காரர்களும் ஒரே அதிசயத்தை இரண்டு இலைகளில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு சேம்பிலையைப் பறித்து அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் பரவாது. கண்ணாடிக் கோலி போல உருண்டு நிற்கும். இலையைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், ஓடிவிடும். ஓடிய இடத்தில் ஈரம்கூட இருக்காது.

இலை வழவழப்பாக இருப்பதால்தான் தண்ணீர் ஓடுகிறது என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர் எதிர்! ஜெர்மனியைச் சேர்ந்த பார்த்லாட், நெய்ன்ஹுயிஸ் என்ற இரண்டு தாவர அறிஞர்கள் 1997-ம் ஆண்டில் தாமரை இலையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரிதாக்கிக் காட்டும் கருவியில் பார்த்தபோது அந்த இலை முழுவதும் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு மேட்டின் மேலும் அதைவிட மிக நுண்ணிய மெழுகுத் துகள்கள்.

தண்ணீர்த் துளி இந்த மேடுகளின் உச்சியில் மட்டும்தான் உட்காருகிறது. பள்ளங்களில் காற்று அடைபட்டிருக்கிறது. ஆணிப் பலகையின் மேல் பலூனை வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். துளியின் அடியில் பெரும்பகுதி காற்றைத்தான் தொடுகிறது. பிடித்துக்கொள்ள இடமில்லாததால் உருண்டு ஓடுகிறது. ஓடும்போது வழியில் கிடக்கும் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. சேற்றில் வளரும் தாமரை சுத்தமாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

வெறும் மெழுகு மட்டும் இருந்தால் போதாதா? போதாது. துளி பரப்பைத் தொடும் இடத்தில் ஒரு கோணம் உண்டாகும். கண்ணாடி போன்ற பரப்பில் துளி பரவிப் படுத்துவிடும். கோணம் மிகச் சிறியது. வழவழப்பான மெழுகின் மேல் அது 105 அல்லது 110 பாகை இருக்கும். எவ்வளவு உயர்ந்த பூச்சைப் பூசினாலும், பரப்பு வழவழப்பாக இருக்கும்வரை ஏறக்குறைய 120 பாகைக்கு மேல் போகாது. தாமரை இலையிலோ 160 பாகையைத் தொடுகிறது. மெழுகும் வேண்டும், மேடும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வித்தை.

சட்டையின் கதை வேறு. பருத்தி நூல் தண்ணீரை விரும்பும் பொருள். அதுவும் நூலுக்கும் நூலுக்கும் இடையே ஆயிரக்கணக்கான சந்துகள். விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்கிறதோ, அப்படியே சட்டைக் கை தண்ணீரை இழுக்கிறது. அம்மா, உங்கள் சட்டை திரியாக வேலை செய்தது. இலை காற்று மெத்தையாக வேலை செய்தது. உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு விடை இவ்வளவுதான்.

இனி, துளியை வழிநடத்துவது எப்படி என்று பார்ப்போம்.

துளியைத் தள்ளத் தேவையில்லை. பரப்பை மாற்றினால் போதும், துளி தானே அந்த வழியில் போகும். நெல் வயலில் இறங்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நெல் இலையும் தண்ணீரை ஒட்டவிடாத இனம். ஆனால் அதன் நுண்ணிய மேடுகள் தாமரையில் இருப்பது போலச் சிதறிக் கிடக்கவில்லை. இலையின் நீளவாக்கில் வரிசை பிடித்து நிற்கின்றன. அதனால் துளி குறுக்கே ஓடுவதைவிட நெடுகில் எளிதாக ஓடுகிறது. சின்ன வாய்க்கால் வெட்டி வைத்தது போல.

இன்னொன்று நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்போம் அல்லவா? கல் சுமாராகக் காய்ந்திருந்தால் 'சுர்' என்று ஆவியாகிவிடும். நன்றாகக் காய்ந்திருந்தால் துளிகள் உருண்டு துள்ளி ஆடும். அடியில் எழும் ஆவியே மெத்தையாகித் துளியைத் தாங்குகிறது. இதைப் பற்றி 1756-ம் ஆண்டிலேயே லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்தார். 250 ஆண்டுகள் கழித்து, 2006-ல், லிங்கே என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தச் சுடுகல்லில் ரம்பப் பல் போன்ற வரிகளை வெட்டினார்கள். எல்லாப் பற்களும் ஒரே பக்கம் சாய்ந்தவை. என்ன ஆயிற்று தெரியுமா? தாறுமாறாக ஆடிய துளிகள் எல்லாம் ஒரே திசையில் ஓடத் தொடங்கின. சற்றே மேட்டில் ஏறவும் செய்தன!

சூடே இல்லாமல் துளியை மேட்டில் ஏற்றியவர்களும் உண்டு. 1992-ல் அமெரிக்காவில் சௌத்ரி, வைட்சைட்ஸ் என்ற இருவர் ஒரு சிறு தகட்டின் ஒரு முனையைத் தண்ணீரை வெறுக்கும்படியும், மறு முனையைத் தண்ணீரை விரும்பும்படியும் செய்தார்கள். நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றம். விரும்பும் முனை மேலே இருக்கும்படி 15 பாகை சாய்த்துத் துளியைக் கீழே வைத்தார்கள். துளி நொடிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேகத்தில் மேலே ஏறியது. வெறுப்பிலிருந்து விருப்பத்தை நோக்கிப் போவது மனிதர்களுக்கு மட்டும் உள்ள குணமல்ல போலிருக்கிறது!

நம் காடுகளிலும் ஒரு வாத்தியார் இருக்கிறார். 'பெரியோக் கெரா' என்று மலாயில் சொல்லும் குடுவைச் செடிதான் அவர். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி. அதன் வாய் விளிம்பில் மெல்லிய வரிகள் உண்டு. இது சேம்பிலைக்கு நேர் மாறான பரப்பு. தண்ணீரை முழுக்கப் பரவவிடும். மழையிலோ தேனிலோ நனைந்துவிட்டால் அதில் கால் வைத்த எறும்பு சறுக்கி உள்ளே விழும். போர்னியோவில் வளரும் ஒரு வகையை வைத்து 2004-ல் இதை விளக்கினார்கள். 2016-ல் சீன ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். அந்த விளிம்பில் தண்ணீர் உள்ளேயிருந்து வெளிப்புறம் நோக்கி ஒரே திசையில் தானாகவே நகர்கிறது. பூமியின் இழுப்பை மீறி மேலேகூடப் போகிறது. வரிகளுக்குள் இருக்கும் குட்டிக் குட்டிப் பள்ளங்கள் ஒரு பக்கம் கூர்மையாக இருப்பதே காரணம்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தை வைத்துப் பல சோதனைகள் செய்யவேண்டியிருக்கிறது. குழாயும் பம்பும் வைத்தால் அந்தச் சொட்டு குழாயை நனைக்கவே சரியாகிவிடும். ஆகவே தண்ணீர் ஒட்டாத பூச்சுப் பூசிய ஒரு சிறு தகட்டில், மின்சாரத்தை இடம் மாற்றி மாற்றிக் கொடுத்து, நுண்ணிய துளிகளைக் கட்டம் கட்டமாக நடக்க வைக்கிறார்கள். பாண்டி ஆட்டத்தில் சில்லு நகர்வது போல. பிறவியிலேயே வரும் சில அரிய நோய்களைக் குழந்தைகளிடம் கண்டுபிடிக்க, இந்த முறையில் வேலை செய்யும் ஒரு கருவிக்கு அமெரிக்க அரசு 2017-ல் அனுமதி அளித்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள்' என்று ஒதுங்கிவிடாதீர்கள். துளிக்கு வழி காட்டும் வேலையை நம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்திருக்கின்றன.

பால்மரம் வெட்டியவர்களைக் கேளுங்கள். இடப்பக்கம் உயர்த்தி வலப்பக்கம் தாழ்த்தி, ஒட்டு மரமானால் 30 பாகைச் சாய்வில் கோடு போடவேண்டும். பால் அந்தத் தடத்தை விட்டு இறங்காமல் வந்து மங்கில் விழவேண்டும். பட்டை காய்ந்திருந்தால் பால் சொன்னபடி கேட்கும். பட்டையில் மழை ஈரம் இருந்தாலோ தடத்தை மீறிப் பட்டை முழுக்கப் பரவி வீணாகும். அதனால்தான் விடியற்காலையில் பிரட்டுக்குப் போகுமுன் அம்மா அப்பா எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியில் கை வைத்த மாதிரிதான்.

அதற்குப் பரிகாரமாக வந்ததுதான் மழைக் காப்பு. வெட்டுக் கோட்டுக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடை போல மரத்தைச் சுற்றிக் கட்டி, மேல் விளிம்பைத் தார் போன்ற பசையால் அடைப்பார்கள். மரத்தின் வழியே இறங்கி வரும் மழைநீர் அந்தத் தாளின் மேல் ஏறி, அதன் விளிம்பிலிருந்து வெளியே சொட்டிவிடும். வெட்டுக் கோடு காய்ந்தபடி இருக்கும். மழையை யாரும் நிறுத்தவில்லை. வழியை மட்டும் மாற்றினார்கள்.

அத்தாப்புக் கூரை வேய்ந்தவர்களுக்கும் இது தெரியும். கீழ் வரிசையை முதலில் கட்டி, மேல் வரிசையை அதன் மேல் படியும்படி வைப்பார்கள். மாற்றி வைத்தால் மழை முழுக்க வீட்டுக்குள்தான்.

இந்தக் கூரைச் சாஸ்திரத்தை நினைவில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் கடிதத்துக்குத் திரும்புவோம். அவர் மருமகளுக்குச் சொல்லவேண்டியது இனிமேல்தான் வருகிறது.

தோம்பில் கலக்கும் ஒட்டு மருந்து என்ன செய்கிறது? தண்ணீரின் நுண்துகள்கள் ஒன்றையொன்று கைகோத்துக்கொண்டு இருப்பதால்தான் துளி உருண்டையாக நிற்கிறது. சவுக்காரமும் ஒட்டு மருந்தும் அந்தக் கைப்பிடியைத் தளர்த்துகின்றன. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். காற்று மெத்தையின் மேல் உட்கார்ந்திருந்த துளி, பள்ளத்துக்குள் இறங்கி இலையைப் பிடித்துக்கொள்ளும். மருந்து வேலை செய்ய அதுதான் வேண்டும்.

ஆனால் இங்கேதான் கவனிக்கவேண்டும், சகோதரிகளே. இலையின் மெழுகுக் கவசத்தையே ஊடுருவிப் போகும்படி செய்த தண்ணீர், உங்கள் சட்டையை மட்டும் விட்டுவைக்குமா? மழைத் தண்ணீர் ஒட்டாத துணி என்று கடையில் வாங்கிப் போட்டாலும், மழையை உருட்டிவிடும் அந்தத் துணி ஒட்டு மருந்து கலந்த தண்ணீரை உள்ளே விட்டுவிடலாம். மழைக்குத் தாங்குகிறது என்பதால் மருந்துக்கும் தாங்கும் என்று நம்பக்கூடாது.

மருந்தடிப்பவர்களின் உடம்புக்குள் விஷம் போகும் பெரிய வாசல் வாயல்ல, தோல்தான். நம் நாட்டில் பெண் தொழிலாளர்கள் பட்ட பாட்டை 2002-ல் தெனாகானித்தா அமைப்பு ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது. பல ஆண்டுகள் வாதப் பிரதிவாதங்களுக்குப் பிறகு பாராக்குவாட் என்ற கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு மருந்து போனதால் மற்றவை எல்லாம் பன்னீர் ஆகிவிடவில்லை.

ஆகவே மருமகளே, அத்தாப்புக் கூரையை நினைத்துக்கொண்டு உடை உடுத்துங்கள்.

கீழே இருக்கும் புல்லுக்கு அடிக்கும்போது கை தாழ்ந்திருக்கும். துளி முழங்கையிலிருந்து விரல் பக்கம் ஓடும். அப்போது சட்டைக் கை கையுறைக்கு வெளியே இருக்கவேண்டும். உள்ளே செருகினால் ஓடி வரும் மருந்தெல்லாம் கையுறைக்குள் தேங்கி, நாள் முழுக்க விரல்கள் விஷத்தில் ஊறும்.

தலைக்கு மேல் தூக்கி அடிக்கும்போது துளி எதிர்ப்பக்கம், விரலிலிருந்து முழங்கைக்கு ஓடும். அப்போது கையுறை வெளியே, சட்டைக் கை உள்ளே. கையுறையின் வாயைச் சற்று வெளிப்புறம் மடித்துவிட்டால் அதுவே மழைக் காப்புப் போலத் துளியைத் தடுக்கும்.

காலுறை பூட்ஸ் விஷயத்தில் எப்போதும் ஒரே விதிதான். கால்சட்டை பூட்ஸுக்கு வெளியே. அடித்து முடித்த ஈரப் புல்லுக்குள் நடந்து போகாமல், அடிக்காத பக்கமாகப் பின்வாங்கிப் போகப் பழகுங்கள்.

துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். அது கைக்கு மாட்டிய விளக்குத் திரி. மருந்து ஊறாத ரப்பர் வகைக் கையுறை வேண்டும். மருந்துக்குத் தக்க கையுறை எது என்று புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் பார்க்கலாம். படிக்கத் தெரியாவிட்டால் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உடை கொடுக்கவேண்டியது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. வெட்கப்படவேண்டியவர் நீங்கள் அல்ல.

சட்டை நனைந்துவிட்டால் வேலை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கழற்றி, தோலைச் சவுக்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். அந்தத் துணியைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்போடு சேர்த்து ஊறவைக்காதீர்கள். ஊறும் தண்ணீரில் விஷமும் இடம் மாறும். காற்று பலமாக அடிக்கும் நாளில் பொடித் துளிகள் எந்தப் பரப்பின் பேச்சையும் கேட்காது. காற்றின் பேச்சை மட்டுமே கேட்கும். அன்று மருந்தடிக்காமல் இருப்பதே வழி.

கடைசியாக, பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஒரு சேம்பிலையைக் கொண்டு வரச் சொல்லுங்கள். சேம்பின் சாறு பட்டால் அரிக்கும். ஆகவே காம்பை ஒரு காகிதத்தில் சுற்றிப் பிடிக்கட்டும். இலையின் மேல் ஒரு துளி விட்டு உருட்டட்டும். பிறகு ஓரிடத்தில் விரலால் நன்றாகத் தேய்த்து, அங்கே துளியை உருட்டிப் பார்க்கட்டும். மெழுகும் மேடும் அழிந்த இடத்தில் துளி தயங்கி நிற்கும். அடுத்து, கொஞ்சம் சவுக்காரம் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு விடட்டும். முத்தாக நின்ற துளி தளர்ந்து இலையைப் பிடித்துக்கொள்வதைக் கண்ணாலேயே பார்ப்பார்கள். இவ்வளவு நேரம் நான் எழுதியதை அந்த ஓர் இலை ஒரு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.

கடிதம் எழுதிய அம்மாவுக்கு ஒரு வார்த்தை. பத்தொன்பது வருஷம் நனைந்த கையோடு வேலை செய்துகொண்டே, 'இது ஏன்?' என்று கேட்கும் மனத்தை நீங்கள் காய்ந்துபோக விடவில்லை. உங்கள் மருமகள் நாளைக் காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, சட்டைக் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து அனுப்புங்கள். துளிக்குக் கண் கிடையாது. நாம் காட்டுகிற வழியில்தான் அது போகும்.